கரி பூசிய நாக்கு

கண்ணு,

பெட்டியை அடுக்கிக் கொடுக்கச் சொன்னாய். அடுக்கினேன். டேப் ரெக்கார்டருக்கு அடியில் வேட்டிக்குள் சுருட்டி வைத்திருந்த கொடுவாளையும் பார்த்தேன். உன் அப்பா தென்னை மட்டை வெட்ட வைத்திருப்பது அது. காலையிலிருந்து அதைக் காணோமென்று தொழுவத்தையும் களத்தையும் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார் மனுசன். ஆராய்ச்சிக்குப் போகிறவனுக்கு நாடா வேண்டும், மைக் வேண்டும், பாட்டரிக் கட்டை வேண்டும். கொடுவாள் எதுக்கடா? யாருடைய உச்சரிப்பை அதை வைத்து அளக்கப் போகிறாய்? அதை எடுத்து அவரிடம் கொடுத்துவிட்டேன். அது இருந்த இடத்தில் இந்தக் கடிதத்தை வைக்கிறேன். பொள்ளாச்சி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகோ, கம்பம் தாண்டி மலை ஏறும்போதோ பெட்டியைத் துழாவுவாய் அல்லவா, அப்போது இது கையில் அகப்படட்டும்.

முகத்துக்கு நேரே சொல்வதற்கென்ன என்பாய். சொல்லலாம். நான் ஆரம்பித்த உடனே நீ குறுக்கே பேசுவாய், நான் கத்துவேன், கத்தினால் என் பல்செட் நழுவும், அதைப் பார்த்ததும் உன் கண் சிவக்கும். அப்புறம் பேச்சு எங்கே போகும்? நம் இரண்டு பேருக்கும் பொறுமை என்பது கிடையாது. அந்த முன்கோபத்தை நீ கடையில் வாங்கவில்லை, என்னிடமிருந்துதான் வாங்கினாய். உன் சித்தப்பாவிடம் என்ன சொன்னாய் என்பதும் எனக்குத் தெரியும். "அம்மாவோட பல்ல ஒடச்சவன் கைய எடுக்காம மலைய உட்டு எறங்க மாட்டேனுங்க" என்றாயாம். அவன் ஏலத்தோட்டத்துக் கங்காணி மாயாண்டிதான் என்று நீயாகவே தீர்ப்பும் எழுதிவிட்டாய். அட மடையா, அந்த ஆளுக்கு எடுப்பதற்கு வலது கையே கிடையாது. அது எப்படிப் போயிற்று என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. இத்தனை வருசமும் நீ கேட்கக் கேட்க நான் வாயைத் திறக்காதது பயத்தினால் என்று நினைத்தாய் போலிருக்கிறது. நானா பயப்படுகிறவள்? முழுக்கப் படி. படித்த பிறகு உன் இஷ்டம்.

என் பல் போன அன்றைக்குத்தான் நம் குடும்பத்தில் நாக்குக்காக முதல் தடவை ரத்தம் சிந்தியது என்று நினைக்காதே. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் நம் ஊர் மலையாள எல்லைக்குள் இருப்பதால், நம் பக்கத்துக் குடியானவப் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். எங்கள் வகுப்பு வாத்தியார் ஒரு முறை வைத்திருந்தார். தப்பாகச் சொல்லும் பிள்ளையின் இரண்டு உதட்டையும் சேர்த்து விரலால் பிடித்து, நகம் பதியத் திருகுவார். "இந்த வாயில் மண்ணு போயிருக்கு, அது வெளியில் வரட்டும்" என்று சிரித்துக்கொண்டே திருகுவார். ஒருநாள் என் கீழுதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். வீட்டுக்கு வந்தேன். என் அப்பா அப்போதுதான் ஏர் விட்டு வந்திருந்தார். கையிலிருந்த சாட்டையைக் கீழே வைக்காமலே நடந்தார். வகுப்பு வாசலில் நின்று, "ஏனுங்க வாத்தியாரே, எம்புள்ள நாக்கு உங்கள என்னங்க பண்ணுச்சு?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். வாத்தியார் ஏதோ மலையாளத்தில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சாட்டை விழுந்துவிட்டது. நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அந்த மனிதர் மேசைக்கு அடியில் போய் ஒடுங்கும் வரை அப்பா அடித்தார். எனக்கு உள்ளுக்குள் இனித்தது என்பதை மறைக்க மாட்டேன்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது தெரியுமா? வாத்தியார் வீங்கிய முகத்தோடு திரும்பி வந்தார். யாரையும் திருகவில்லை. ஆனால் என்னிடம் அந்த வருசம் முழுக்க ஒரு கேள்வி கேட்கவில்லை, ஒரு வரி படிக்கச் சொல்லவில்லை. எல்லாப் பிள்ளைகளும் வாய் திறந்து மலையாளம் பழகிக்கொண்டிருந்தார்கள், நான் கல்லுப் பிள்ளையாராட்டம் உட்கார்ந்திருந்தேன். அவர் திருகியதாலும் என் வாயில் மலையாளம் வரவில்லை, அப்பா அவரை வெளுத்ததாலும் வரவில்லை. பக்கத்து வீட்டில் ரயில்வேக்காரர் ஒருவர் குடிவந்தார். அவர் மனைவி சமைத்துக்கொண்டே மலையாளத்தில் ஓயாமல் பேசுவாள். நான் அங்கே போய் வாயே திறக்காமல் வெங்காயம் உரித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். மழைக்காலம் முடிவதற்குள் தானாகவே வந்தது. பிற்காலத்தில் நான் ஆராய்ச்சி என்று செய்ததெல்லாம் அந்த வெங்காயத்தின் நீட்சிதான்.

நீ இப்போது அதே வேலைக்குத்தான் போகிறாய், அதனால் சொல்கிறேன். என் ஆராய்ச்சி வழிகாட்டி பெரிய படிப்பாளி. வயசானவர்களுக்கு நாக்கு மரத்துப்போகும், இரண்டாவது மொழியின் ஒலி அதற்கப்புறம் படியாது என்பது அவர் கட்சி. நாக்கு மரத்துப் போகவில்லை, காதுதான் பழைய வழியிலேயே கேட்டுக்கொண்டிருக்கிறது, காதைத் திருப்பினால் நாக்கு பின்னால் வரும் என்பது என் கட்சி. கல்லூரியில் என் உச்சரிப்பு வகுப்பில் முதல் மாதம் யாரையும் வாய் திறக்க விடமாட்டேன் என்று உனக்குத் தெரியும். ஒலிநாடாவைப் போட்டு, இரண்டும் ஒன்றா வேறா என்று மட்டும் கை தூக்கச் சொல்வேன். பிறகுதான் மூச்சை அளக்க வாய்க்கு முன்னால் மெழுகுவர்த்தி, அப்புறம் வாயசைவைப் பார்க்கக் கண்ணாடி. நம் பக்கத்துப் பிள்ளைகள், வரப்பில் நடந்து காலில் சேறு காயாமல் வகுப்புக்கு வருகிறவர்கள், நேர்முகத் தேர்வில் எவனுக்கும் தலை குனியாமல் பேசிவிட்டு வந்தார்கள். அந்தப் பெருமை எனக்கு உண்டு. தொண்டை கட்டும் வரை சொல்லிக்கொள்வேன்.

ஆனால் என் கட்சியை நிரூபிக்க வயதில் பெரியவர்கள் வேண்டும். பிழைப்புக்காக இன்னொரு மொழியைப் பேசியே ஆக வேண்டியவர்கள் வேண்டும். அதற்காகத்தான் ஓணம் விடுமுறையில் ஆனைக்கரைக்கு மேலே அந்த ஏலத்தோட்டத்துக்குப் போனேன். நீ கோயம்புத்தூரில் விடுதியில் இருந்தாய். கூலிக்காரர்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் லயத்தில் எல்லோரும் கம்பம், போடிப் பக்கத்துச் சனங்கள். ஆஸ்பத்திரியிலும் ஆபீசிலும் மலையாளம் பேச வராமல் அவமானப்பட்டு வந்த பெண்கள் சாயங்காலம் என்னிடம் கூடுவார்கள். நான் அவர்களுக்குப் பேச்சு பழக்கினேன். அவர்கள் தங்கள் நாக்கை எனக்கு இரவல் கொடுத்தார்கள்.

இரவல் என்று சும்மா சொல்லவில்லை. ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோரில் பெரிய அடுப்பு உண்டு. அதன் கரியை மாவாக இடித்து, துணியில் சலித்து, கொக்கோப் பொடியும் தண்ணீரும் கலந்து, சின்னத் தூரிகையால் நாக்கின் மேல் பூசுவேன். ஒரே ஒரு சொல் சொல்லச் சொல்வேன். பிறகு வாயைத் திறக்கவைத்து, மேலண்ணத்தில் கரி எங்கே ஒட்டியிருக்கிறது என்று கண்ணாடி வைத்துப் பார்ப்பேன். நாக்கு எந்த இடத்தைத் தொட்டது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. முதல் நாள் எல்லோரும் சிரித்து உருண்டார்கள். "டீச்சரம்மா, எங்கூருல கரியத் தின்னா சோகை பிடிச்சிருக்குன்னு சொல்லுவாக. நீங்க படிச்சவுக, ஊட்டி விடுறீக!" என்றாள் சொர்ணம். கூட்டத்திலேயே வாய்த்துடுக்கு அவளுக்குத்தான். காதுக் கூர்மையும் அவளுக்குத்தான். அவளுடைய புருசன் கம்பத்துக்குப் போனவன் திரும்பி வரவில்லை. ஒரு பெண் குழந்தை, ஓடி ஆடுகிற வயசாகியும் இன்னும் பேச்சு வராத குழந்தை. அந்தக் குழந்தையை நான் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் சொர்ணம் என்னிடம் வந்தாள். காது நன்றாகக் கேட்கிறது, பேசிவிடுவாள், பொறு என்று சொல்லியிருந்தேன். கோயிலில் வாக்குக் கேட்டவள் மாதிரி அதைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் காலையில் வேலைக்குப் போகும் முன்பே அவளை வரச் சொன்னேன். நாக்கில் கரி பூசிக் கண்ணாடியை எடுக்கும்போதே சங்கு ஊதிவிட்டது. "ஐயையோ, ஆள் கணக்கு எடுக்கப் போறாக" என்று அப்படியே ஓடினாள். வாயைக் கொப்பளிக்கவில்லை. போனால் போகிறாள் என்று நானும் விட்டேன். கருநாக்குக்காரி சொன்னால் பலிக்கும், கருநாக்குக்காரியின் வாயில் விழாதே என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவள்தானே நான்? எனக்கு அது அன்றைக்கு நினைவுக்கே வரவில்லை. எனக்கு அது ஆராய்ச்சி. நீ இந்த ஒன்றை மட்டுமாவது எழுதி வைத்துக்கொள். கரி பூசினால், வாய் கழுவாமல் யாரையும் வாசல் தாண்ட விடாதே.

நானும் பின்னாலேயே போய்ச் சேர்ந்தபோது கங்காணி மாயாண்டி அவளைப் பிடித்துக்கொண்டிருந்தான். "ஏட்டி, சங்கு ஊதி எம்புட்டு நேரமாச்சு? அந்த டீச்சரு என்னத்த ஊட்டிக்கிட்டிருந்தா ஒனக்கு?" என்று கேட்டுக்கொண்டே பிரம்பை வீசினான். முதுகில் விழுந்தது. அவள் திரும்பினாள், தோளில் விழுந்தது. அடுத்தது வாயிலேயே விழுந்தது. உதடு வெடித்தது. சனம் பார்த்துக்கொண்டு நின்றது, ஒருத்தர் அசையவில்லை. சொர்ணம் துப்பினாள். ரத்தமும் கரியுமாக விழுந்தது. "பொம்பளைய அடிக்கிற கையி வெளங்குமாடா? முறிஞ்சு தொங்கும்டா ஒங் கையி! தொங்கலைன்னா என்னைய என்னன்னு கேளு!" என்று கத்தினாள். கத்தும்போது உள்ளே நாக்கு கன்னங்கரேலென்று தெரிந்தது. முன்வரிசையில் நின்ற கிழவர் ஒருவர் இரண்டடி பின்னால் நகர்ந்தார். நான் போய் மாயாண்டியின் பிரம்பைப் பிடுங்கி முறித்துப் போட்டேன். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

மறுநாள் மழையும் காற்றும் பேய்க்கூத்து ஆடின. ஏலச்செடிக்கு மேலே நிழலுக்காக வளர்த்திருக்கும் பெரிய மரங்களை நீ பார்ப்பாய். அதில் ஒன்றின் கிளை முறிந்து மாயாண்டி மேல் விழுந்தது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. வலது கை மட்டும் முழங்கைக்குக் கீழே நசுங்கிச் சதையில் தொங்கியது. அவனைத் துணியில் கட்டி ஜீப்பில் ஏற்றும்போது அவன் அலறிய அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. "தொங்குதே! சொன்ன மாதிரியே தொங்குதே!" என்றுதான் அலறினான். வலியைவிட அதுதான் அவனை வதைத்தது. ஜீப் வளைவில் மறைந்ததும் லயமே சொர்ணத்தின் வாசலுக்குத் திரும்பியது.

கூட்டம் என்றால் யாரென்று நினைக்கிறாய்? அடியாட்களா? என்னிடம் மாலையில் பேச்சு பழகிய பெண்கள், அவர்களுடைய அண்ணன் தம்பிகள், எனக்குப் பால் விடாத கட்டன் சாயா கொண்டுவந்து கொடுத்தவர்கள். அவளை மயிரைப் பிடித்து இழுத்து வந்து ஸ்டோர் முற்றத்தில் தள்ளினார்கள். ஒருவன் அவள் மார்பில் மிதித்தான். ஒருத்தி விளக்குமாற்றால் முகத்தில் அடித்தாள். "நாக்குல சூடு வச்சாத்தான் வாக்கு முறியும்! இல்லாட்டி ஒவ்வொருத்தனாக் கொண்டு போயிரும்!" என்று கத்தினார்கள். அடுப்புக்குள் கம்பி காய்ந்துகொண்டிருந்தது. அதை வெளியே எடுத்தபோது நுனி செக்கச் செவேலென்று இருந்தது, மழைத்துளி பட்டுச் சீறியது. இரண்டு ஆம்பளைகள் அவள் தாடையைப் பிளந்து பிடித்திருந்தார்கள். நாக்கில் அப்போது கரியே இல்லை, சிவப்பாகத்தான் இருந்தது. அதைப் பார்க்கிற கண் யாருக்கும் இல்லை.

நான் கத்தினேன். அது அடுப்புக்கரி, நான்தான் பூசினேன், பாடத்துக்காகப் பூசினேன் என்றேன். யார் கேட்டார்கள்? ஆராய்ச்சி என்ற சொல் எனக்கே அசிங்கமாகக் கேட்டது. அவள் நாக்கு இன்னும் ஒரு மூச்சில் வெந்துபோகும். எனக்கு உடம்பெல்லாம் தீப்பிடித்த மாதிரி ஆகிவிட்டது. என் பையிலிருந்த கரிக்கிண்ணத்தை எடுத்தேன். தூரிகையைத் தேடவில்லை. விரலால் வழித்து என் நாக்கில் அப்பிக்கொண்டேன், பல், உதடு, மோவாய் எல்லாம் அப்பிக்கொண்டேன். கம்பி பிடித்தவன் முன்னால் போய் நாக்கை நீட்டினேன். அவன் கம்பியைத் தாழ்த்தினான். அதைக் கண்டதும் எனக்கு வெறி ஏறிவிட்டது. "வெய்யிடா! என்ர நாக்குல மொதல்ல வெய்யிடா!" என்றேன். சரி, அதோடு நிறுத்தியிருக்கலாம். கூட்டம் பின்வாங்கத் தொடங்கியிருந்தது. நான் நிறுத்தவில்லை. "அவ மேல கை வெச்சீங்கன்னா இந்த லயத்துல ஒரு புள்ளைக்கும் பேச்சு வராது! நாக்கு ஒட்டிக்கும்! அம்மான்னு கூப்பட வாயி எந்திரிக்காது! ஊமக் கூட்டமாப் போவீங்கடா!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன். பிள்ளை வைத்திருந்தவர்கள் பிள்ளைகளின் காதைப் பொத்தினார்கள். நான் இன்னும் சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் கல் வந்தது.

முற்றத்தில் ஈரமாகக் கிடந்த சரளைக்கல், என் கைப்பிடி அளவு இருக்கும். மேல்வரிசை முன்பற்கள் அத்தனையும் உள்ளே மடங்கின. நான் மண்டி போட்டுவிட்டேன். வாயிலிருந்து கரியும் ரத்தமும் பல்லும் கொட்டின. கூட்டம் கலைந்து ஓடியது. கம்பியைப் போட்டுவிட்டு ஓடினார்கள். நான் விழுந்த இடத்தில் என் தலையை மடியில் தாங்கியது ஒரே ஒருத்தி. அது யார் என்று இப்போது கேட்காதே.

போலீஸ் ஆஸ்பத்திரிக்கே வந்தது. "ஆரா எறிஞ்ஞது? பேரு பற" என்று இன்ஸ்பெக்டர் எறிந்தவன் பேரைத் திரும்பத் திரும்பக் கேட்டார். வாய் முழுக்கப் பஞ்சு. எழுதிக் காட்டுங்கள் என்று பேனாவை நீட்டினார். நான் பேனாவைத் தள்ளிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன். உன் அப்பா வந்து நின்றார். பக்கத்தில் உட்கார்ந்து, "ஏம்புள்ள, எங்கிட்டயாச்சும் சொல்லு. எனக்கு மனசு ஆறமாட்டீங்குது" என்று அழுதார். அவரிடமும் நான் சொல்லவில்லை. அவர் சொல்லாமல் சுமந்த கோபம்தான் உன்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

அதன் பிறகு பட்டதை நீ கொஞ்சம் பார்த்திருக்கிறாய். பல்செட் கட்டிக்கொண்டு வகுப்புக்குப் போனால் என் வாயில் பாதி ஒலி காற்றாகப் போயிற்று. என் மாணவர்கள் நல்லவர்கள், தலையைக் குனிந்துகொண்டுதான் சிரித்தார்கள். துறைத்தலைவர் கூப்பிட்டு, "உச்சரிக்க முடியாதவர் உச்சரிப்பு கற்பிப்பது எப்படி? நூலகப் பொறுப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், அதுவும் கௌரவமான வேலைதான்" என்றார். அவர் மேசையில் இருந்த கண்ணாடி உருண்டையை எடுத்துச் சுவரில் அடித்தேன். அது சில்லுச் சில்லாகப் போயிற்று, அவர் நாற்காலியோடு பின்னால் சரிந்தார். பிறகு வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு என் சொந்தத் தமிழை முதலிலிருந்து கற்றேன். கண்ணாடி, மெழுகுவர்த்தி, ஒலிநாடா. பல் போனதால் நாக்குக்குப் பழைய இடம் இல்லை, ஆனால் காதுக்குத் தெரிந்தது எது சரி என்று. தப்பு, தப்பு, மறுபடியும் தப்பு என்று காது சொல்லச் சொல்ல நாக்கு புது இடம் தேடியது. அடுத்த வருசம் அதே வகுப்பில் நின்று பாடம் எடுத்தேன். என் வழிகாட்டி வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, "நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள்" என்றார். என்னத்தை ஜெயித்தேன்? அன்றைக்கு வீட்டுக்கு வந்தால் உன் விடுதியிலிருந்து தந்தி. என் பேச்சை எவனோ நடித்துக் காட்டினானாம், நீ அவன் மூக்கெலும்பை உடைத்து ஆஸ்பத்திரியில் போட்டிருந்தாய். நான் ஓடி வந்தபோது அவனுடைய அம்மா என் முன்னால் நின்று, "உங்க பையன் மனுசனாங்க?" என்று கேட்டாள்.

இப்போது கேள். கல் எறிந்தது மாயாண்டி இல்லை. அவன் அப்போது ஜீப்பில் போய்க்கொண்டிருந்தான். கம்பி பிடித்தவன் இல்லை, மார்பில் மிதித்தவன் இல்லை, விளக்குமாற்றுக்காரியும் இல்லை. கல் எறிந்தது சொர்ணம்.

ஆமாம், சொர்ணம்தான். யாருடைய நாக்கைக் காப்பாற்ற நான் போய் நின்றேனோ, அவளேதான். நான் சாபம் போட ஆரம்பித்ததும் அவளைப் பிடித்திருந்த கைகள் தளர்ந்தன. அவள் தப்பி ஓடியிருக்கலாம். ஓடவில்லை. முற்றத்து ஓரத்தில் யாரோ ஒருத்தியின் இடுப்பில் அவள் குழந்தை இருந்தது, பேச்சு வராத குழந்தை. என் வாயிலிருந்து ஒரு பிள்ளைக்கும் பேச்சு வராது என்று வந்ததும் அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். என் கண்ணைப் பார்த்துக்கொண்டேதான் குனிந்து எடுத்தாள். "வேணாம்! என் புள்ளைக்குப் போடாத! வாய மூடு!" என்றாள். நான் மூடவில்லை. அடுத்த வார்த்தை வெளியே வருவதற்கு முன்னால் எறிந்தாள். கரியை நான்தான் இடித்தேன் என்று அவளுக்குத் தெரியும். தன் நாக்கிலேயே பூசிப் பார்த்தவள். இருந்தும் அவளும் நம்பினாள். நம்பாமல் எப்படி இருப்பாள்? நான் அவளுக்குக் கொடுத்த ஒரே வாக்கையே அல்லவா நான் எல்லோர் முன்னாலும் திருப்பி எடுத்தேன்?

அந்தக் கல்தான் அவளைக் காப்பாற்றியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளுக்கு வந்த சாபத்தை வாயிலேயே உடைத்தவள் என்று அதன் பிறகு லயத்தில் அவளை யாரும் தொடவில்லை. என் தலையைத் தாங்கியவளும் அவள்தான். "என்னையத் திட்டாதீக டீச்சரம்மா, புள்ளைய மட்டும் திட்டாதீக" என்று சொல்லிக்கொண்டே என் வாயிலிருந்து பல்துண்டுகளைப் பொறுக்கி எடுத்தாள். அவள் பெயரைப் போலீசிடம் சொல்லியிருந்தால் அவளைக் கொண்டுபோயிருப்பார்கள், குழந்தை லயத்தில் அநாதையாக நின்றிருக்கும். உன் அப்பாவிடம் சொல்லியிருந்தால் அவர் மலை ஏறியிருப்பார். அதனால்தான் இத்தனை வருசம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்தக் குழந்தை பேசுகிறது இப்போது. தமிழும் மலையாளமும் இரண்டும் வெளுத்து வாங்குகிறதாம், அம்மாவைப் போலவே வாய்.

நீ அங்கே போனால் உன்னிடம் நாக்கை நீட்ட முதலில் வரப்போகிறவள் சொர்ணமாகத்தான் இருப்பாள். நீ என்ன செய்யப்போகிறாய் என்று எனக்குத் தெரியாது, உன் கோபத்தை நான் அறிவேன். பெற்றவளுக்காகப் பிள்ளை பொங்குவது தப்பில்லை. ஆனால் பிள்ளைக்காகப் பெற்றவள் பொங்கினால் எப்படி இருக்கும் என்பதை நீ இன்னும் பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன், நேருக்கு நேர் நின்று பார்த்திருக்கிறேன். அவள் என் பல்லைத்தான் உடைத்தாள். அன்றைக்கு அந்த முற்றத்தில் வாய் பேசாத பிள்ளையாக நீ இருந்து, எவளாவது உன்னைப் பார்த்து அப்படி ஒரு சாபம் போட்டிருந்தால், கண்ணு, நான் பல்லோடு நிறுத்தியிருக்க மாட்டேன். மண்டையைப் பிளந்திருப்பேன்.

அம்மா